ஏறிய விலையை யார் கட்டுவது

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. எனக்கு இதுவரை ரத்த அழுத்தம் இல்லை. இனிமேல் வந்தால் அதற்குக் காரணம் ஒரு கார் ஷோரூம்தான் என்று இப்போதே எழுதி வைத்துவிடுகிறேன். உன் வயிற்றுப் புண் எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ "சரிக்கா, அப்புறம் பேசறேன்கா" என்று வைத்துவிடுவாய். உன் பக்கம் எப்போதும் ஒரே இரைச்சல் வேறு. நம் வீட்டில் சண்டையை எழுத்தில்தான் சொல்ல வேண்டும் என்பது அப்பா போட்ட சட்டம். தபால்பெட்டிக்கு நடந்து போவதற்குள் பாதிக் கோபம் ஆறிவிடும் என்பார். எனக்கு ஆறாது என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

அக்டோபரில் ஒரு சின்னக் கார் புக் செய்தேன் என்று சொன்னேன் அல்லவா? ஆசைக்கு வாங்கவில்லை. அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களுக்கு வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கும் வேலையைப் பெரிய மருத்துவமனை எனக்குத் தருகிறது. ஊருக்கு வெளியே பதினொரு வீடுகள். ஜூன் முதல் தேதி ஆரம்பம். சொந்தமாக நாலு சக்கர வண்டி வேண்டும், அதன் பதிவு நகலை மே பதினைந்துக்குள் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வேலை அடுத்தவருக்கு. இருபது வருடமாக ஸ்கூட்டரில் பிசியோதெரபி மணல் பட்டைகளையும் மின்தூண்டல் பெட்டியையும் கட்டிக்கொண்டு அலைந்த எனக்கு மாதாமாதம் நிச்சயமாக வருகிற முதல் சம்பளம் இது. பின்சீட்டை மடக்கினால் என் மடக்குக் கட்டில் உள்ளே போகிற விலை குறைந்த வண்டி இது ஒன்றுதான். நாடா கொண்டுபோய் நானே அளந்து பார்த்தேன்.

நேற்று வண்டி வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். வங்கிக் காசோலையோடு போனேன். தன் அளவைவிடப் பெரிய சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒரு பெண், அங்கே விற்பனை பார்ப்பவள், சிரித்த முகமாகத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். நான் பாதி குடிக்கும்வரை காத்திருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது.

"ஒரு சின்ன அப்டேட் மேடம். பிப்ரவரியில கம்பெனி விலைய ஏத்திட்டாங்க. பழைய விலையைப் போட்டா சிஸ்டம் எடுக்காது."

பதினொரு சதவீதம். என் மூன்று மாத வருமானம் அவளுக்குச் சின்ன அப்டேட். ரசீதில் விலை எழுதியிருக்கிறதே என்றேன். அவள் ரசீதைத் திருப்பிக் காட்டினாள். அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி: டெலிவரி நாளின் விலையே இறுதி. அதைப் படிக்க என் கண்ணாடி போதவில்லை. அவள் படித்துக் காட்டினாள், அதுவும் சிரித்தபடியே.

காசோலையைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். என் தலையில் மிளகாய் அரைக்கப் பார்க்கிறார்கள். நீ இன்சூரன்ஸ் ஆபீசில் இருக்கிறாய், இந்த மாதிரிக் காகிதமெல்லாம் தினமும் பார்ப்பவன். என்ன செய்யலாம் என்று எழுது.

அன்புடன்,
அக்கா

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் நலம். வயிறு முன்போல இல்லை, பரவாயில்லை. அம்மாவைக் கேட்டதாகச் சொல். மாத்திரையை அவளே எடுத்துக்கொள்கிறாளா, இல்லை இன்னமும் நீதான் துரத்துகிறாயா?

கார் விஷயம் படித்தேன். கோபப்படாமல் கேள். விலை ஏற்றியது கம்பெனி, கடை அல்ல. விற்கிறவர்களின் கையில் ஒன்றுமில்லை. அந்தப் பெண்ணும் சம்பளத்துக்கு நிற்பவள்தான், மேலே சொன்னதை அவள் உன்னிடம் சொல்கிறாள். வித்தியாசத்துக்கு ஒரு சின்னக் கடன் வாங்கிக் கட்டிவிட்டால் ஜூனில் வேலை ஆரம்பித்து ஒரு வருடத்தில் அடைத்துவிடலாம். அலைந்து திரிந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. எப்படியும் பழைய விலைக்குச் சிஸ்டம் எடுக்காது.

இந்த மாதமும் அம்மாவுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் அனுப்ப முடிந்தது. அடுத்த மாதம் சரி செய்கிறேன்.

உன்
தம்பி

மார்ச் 24

தம்பிக்கு,

அக்கா. இங்கே எல்லாரும் சுகம். உன் கடிதத்தைப் படிக்கும்வரை நானும் சுகமாகத்தான் இருந்தேன்.

நீ யார் கட்சி என்று எனக்குப் புரியவில்லை. ஐந்து மாதம் என் முன்பணத்தை வைத்துக்கொண்டு, வண்டியைக் கண்ணில் காட்டிவிட்டு, பிறகு விலையை ஏற்றுகிறவன் உனக்குப் பாவம். கடன் வாங்கிக் கட்டுகிற நான் உனக்கு அலைந்து திரிகிறவள். அவர்கள் சொன்ன வார்த்தையையே எனக்குத் திருப்பி எழுதுகிறாயே, சிஸ்டம் எடுக்காதாம். அது என்ன, பிடிவாதம் பிடிக்கிற குழந்தையா, ஊட்டினால் எடுக்காமல் இருக்க?

தோள்பட்டை இறுகிப்போன ஒரு முடிதிருத்துபவர் என்னிடம் சிகிச்சைக்கு வருகிறார். அவரிடம் சொல்லிப் புலம்பினேன். மனுஷர் கையைத் தூக்கியபடியே, "நீங்களும் அதத்தானம்மா செய்றீங்க. இன்னும் பத்தே தடவைன்னு சொல்லுவீங்க, பத்து முடிஞ்சதும் இன்னும் அஞ்சும்பீங்க" என்றார். சிரித்துவிட்டேன். பிறகு அவருக்குக் கூடுதலாக ஐந்து போட்டேன். ஆனால் அந்த ஐந்தில் அவர் கைதான் மேலே போகிறது. இந்தப் பதினொன்றில் யார் கை மேலே போகிறது?

நேற்று மறுபடி போனேன். இந்தத் தடவை மேனேஜரைப் பார்க்க வேண்டும் என்றேன். கண்ணாடி அறையில் உட்கார்ந்திருக்கிறார். நான் வெளியே நிற்பது அவருக்கும், அவர் போனில் சிரித்துப் பேசுவது எனக்கும் நன்றாகத் தெரிகிறது. ஒன்றே கால் மணி நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் அந்தக் கோட்டுப் பெண்ணை அனுப்பினார். அவள் வந்து பழைய பல்லவியை ஆரம்பித்தாள்.

எனக்கு வந்ததே கோபம். மற்ற வாடிக்கையாளர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி கேட்டேன்: "ஏம்மா, உன் கூடப் பிறந்தவ வந்து நின்னாலும் இதே விலையத்தான் சொல்லுவியா? வெட்கமா இல்ல உனக்கு?"

முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே போய்விட்டது. "சாரி மேடம்" என்றாள். எனக்குத் திருப்தியாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

நீ பணம் குறைத்து அனுப்புவதைப் பற்றி நான் கேட்கவே இல்லை. நான்கு மாதமாகக் குறைகிறது என்பதை மட்டும் சொல்கிறேன். உனக்குச் செலவு அதிகம் என்றால் அதைச் சொல்லலாமே, அடுத்த மாதம் அடுத்த மாதம் என்பது எதற்கு? அம்மா எதையும் கேட்பதில்லை. அவளுக்கும் சேர்த்து நான் கேட்கிறேன்.

அக்கா

ஏப்ரல் 20

தம்பிக்கு,

நீ நலமா? ஒரு மாதமாகப் பதிலே இல்லை. போன் செய்தால் இரண்டு வார்த்தை பேசி அம்மாவிடம் கொடுக்கச் சொல்கிறாய். நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? எழுதியிருந்தால் சண்டை போடு, நானும் போடுகிறேன். வாயை மூடிக்கொண்டு இருப்பது நம் வீட்டு வழக்கமில்லை.

கண்ணாடி அறைக்காரர் கடைசியாகக் கதவைத் திறந்தார். மே ஐந்துக்குள் புது விலையைக் கட்டி எடுத்துக்கொள்ள வேண்டுமாம். இல்லாவிட்டால் வண்டி வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும், முன்பணத்தில் பத்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்களாம். மருத்துவமனையில் விசாரித்தேன், மே பதினைந்து என்றால் மே பதினைந்துதான். வேறு கம்பெனி வண்டிக்குப் போனால் நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். கழுத்தில் கால் வைத்துக்கொண்டு கை கொடுக்கிறார்கள்.

வங்கியில் கடன் படிவம் வாங்கி வந்து மேசைமேல் வைத்திருக்கிறேன். இன்னும் நிரப்பவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் அழுகை வருகிறது, அழுதால் அம்மா பார்த்துவிடுவாள் என்று சமையலறைக்குப் போய்விடுகிறேன்.

ஒரு வரியாவது எழுது.

அக்கா

ஏப்ரல் 27

அக்காவுக்கு,

நலம். அங்கும் நலம் என்று நம்புகிறேன். கடன் படிவத்தை நிரப்பாதே.

ஷோரூமுக்குக் கூட்டமுள்ள நாளில் போ. உனக்கென்று நிற்கும் வண்டியின் ஓட்டுநர் கதவைத் திற. கதவு வந்து மூடுகிற தூணில் கீழ்ப்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் வண்டி தயாரான மாதம் இருக்கும், எழுதிக்கொள். பிறகு அந்த வண்டி அவர்கள் கிடங்குக்கு எந்தத் தேதியில் வந்தது என்று வாசல் பதிவேட்டைக் காட்டச் சொல். விலை ஏறுவதற்கு முன்னால் வந்த வண்டி என்றால் கடை அதைப் பழைய விலைக்குத்தான் வாங்கியிருக்கும். ஏறிய பணம் கம்பெனிக்குப் போகாது, கடைக்குள்ளேயே நிற்கும். அதோடு, விலை ஏற்றியபோது தலைமை அலுவலகம் அனுப்பிய சுற்றறிக்கையைக் கேள். முன்பே புக் செய்தவர்களுக்குப் பழைய விலை என்று அதில் இரண்டாம் பத்தியில் இருக்கும். அதை வாடிக்கையாளரிடம் காட்ட மாட்டார்கள்.

அந்தப் பெண்ணிடம் கேட்காதே. மேனேஜரை வெளியே வரவழைத்துக் கேள். யார் சொன்னது என்று சொல்லாதே.

தம்பி

மே 6

என் தங்கமான தம்பிக்கு,

அக்கா எழுதுவது. மிக மிக நலம். அம்மாவும் நலம், உன் பெயரைச் சொல்லி இரண்டு தடவை ஆனந்தப்பட்டுவிட்டாள். உன் வயிற்றுக்கு ஒன்றும் வராது, என் வாழ்த்து இருக்கிறது.

ஜெயித்துவிட்டோம். சனிக்கிழமை போனேன். குழந்தை குட்டிகளோடு ஏழெட்டுக் குடும்பம் வண்டி பார்த்துக்கொண்டிருந்தது. யாரையும் கேட்காமல் கதவைத் திறந்து தரையில் முட்டி போட்டேன். என் முட்டி என்ன சொன்னது என்பதை இங்கே எழுத வேண்டாம். நீ சொன்ன இடத்தில் ஸ்டிக்கர் இருந்தது. டிசம்பர். விலை ஏறியதோ பிப்ரவரி.

தரையில் உட்கார்ந்தபடியே, மேனேஜர் வந்தால்தான் எழுந்திருப்பேன் என்றேன். வந்தார். வாசல் பதிவேடு, சுற்றறிக்கை, இரண்டாம் பத்தி, மூன்றையும் வரிசையாகக் கேட்டேன். இரண்டாம் பத்தி என்றதும் மனுஷருக்கு முகம் சுண்டிவிட்டது. உள்ளே போய்ப் பேசலாம் என்று என் கையைப் பிடித்துத் தூக்க வந்தார். நான், "இங்கயே பேசலாம் சார், இவங்களும் வண்டி வாங்கத்தான் வந்திருக்காங்க" என்றேன். பக்கத்தில் நின்ற ஒரு தாத்தா தன் பேரனைக் கூப்பிட்டு, அவர்கள் பார்த்த வண்டியின் கதவைத் திறக்கச் சொன்னார். அவ்வளவுதான். இருபது நிமிடத்தில் பழைய விலைக்குச் சிஸ்டம் எடுத்துவிட்டது.

நேற்றே வண்டி வீட்டுக்கு வந்தாயிற்று. அம்மாவை உட்கார வைத்து நான்கு தெரு சுற்றினேன். பதிவு நகல் கிடைத்ததும் மருத்துவமனையில் கொடுத்துவிடுவேன்.

இப்போது ஒன்று கேட்கிறேன். இன்சூரன்ஸ் ஆபீசில் உட்கார்ந்திருப்பவனுக்குச் சுற்றறிக்கையில் இரண்டாம் பத்தியில் என்ன இருக்கும் என்று எப்படித் தெரியும்? அம்மா "அவன் படிச்சவன், தெரியும்" என்கிறாள். எனக்கு அது போதவில்லை.

அன்பு அக்கா

மே 21

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவும் நீயும் நலமா? இந்தக் கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டாதே. நீ படித்துவிட்டு, எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படிச் சொல்.

இன்சூரன்ஸ் ஆபீசை மூடி இரண்டு வருடம் ஆகிறது. நான் இங்கே ஒரு ஷோரூமில் கார் விற்கிறேன். நீ வாங்கிய அதே கம்பெனி. எனக்கும் ஒரு சாம்பல் நிறக் கோட்டு உண்டு. வீடு வீடாகப் போய் மற்றவர்கள் காலைத் தூக்கி இறக்கி நீ சம்பாதித்த காசில் படித்தவன் வாசலில் நின்று தேநீர் கொடுக்கிறேன் என்று சொல்ல நாக்கு வரவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று இரண்டு வருடம் ஓடிவிட்டது. சிஸ்டம் எடுக்காது என்பது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த வாக்கியம். பாதித் தேநீர் குடிக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்பதும்தான். நீ சரியாகவே கண்டுபிடித்தாய்.

மார்ச்சில் உன் கடிதம் வருவதற்கு நாலு நாள் முன்பு ஒரு டீச்சர் என் மேசைக்கு முன்னால் நின்று, "உங்க கூடப் பிறந்தவங்ககிட்டயும் இந்த விலைதான் சொல்லுவீங்களா?" என்று கேட்டார். நான் சாரி மேடம் என்றேன். பிறகு நீ அதே கேள்வியை அந்தப் பெண்ணிடம் கேட்டதாக எழுதியிருந்தாய். கழிப்பறையில் நின்று படித்தேன். அதற்குப் பிறகு உனக்கு எழுதக் கை வரவில்லை.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. வாடிக்கையாளர் சண்டை போட்டுப் பழைய விலைக்கு வாங்கிவிட்டால், அந்த வித்தியாசத்தைக் கடை ஏற்காது. விற்றவர் சம்பளத்தில் மாதாமாதம் பிடிப்பார்கள். "வாடிக்கையாளரைச் சமாளிக்கத் தவறியது" என்று அதற்குப் பெயர். உன் காருக்கு அந்தப் பெண் கட்டப்போகிறாள். ஏப்ரலில் உனக்கு எழுதிய கடிதத்துக்கு இரண்டாவது பக்கம் ஒன்று இருந்தது. அதில் இதையும் எழுதியிருந்தேன். எழுதினால் நீ போய்க் கேட்க மாட்டாய், கடன் படிவத்தை நிரப்பிவிடுவாய் என்று தெரியும். அதனால் முதல் பக்கத்தை மட்டும் உறையில் போட்டேன். தெரிந்தே செய்தேன்.

தம்பி

மே 24

தம்பிக்கு,

சுகம் விசாரிக்க இப்போது மனசில்லை. அம்மா நலம், அது போதும்.

நீ கார் விற்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நான் மற்றவர்கள் பாதத்தைப் பிடித்துச் சம்பாதிக்கிறேன், நீ கதவைப் பிடித்துச் சம்பாதிக்கிறாய். இதில் யார் யாரைப் பார்த்துக் கூச வேண்டும்? இரண்டு வருடம் என்னிடம் சொல்லாமல் இருந்தாயே, அதுதான் வலிக்கிறது. ஆனால் அந்த இரண்டாம் பக்கத்தை நான் மன்னிக்கவில்லை. எனக்குத் தெரியாமல் என் சண்டையை இன்னொருத்தியின் சம்பளத்தில் போடவைத்துவிட்டாய். எனக்கு நல்லது செய்ததாக நினைத்துக்கொள்ளாதே.

நேற்று ஷோரூம் மூடும் நேரத்துக்குப் போய்ப் பேருந்து நிறுத்தத்தில் அவளைப் பிடித்தேன். முதலில் பயந்துவிட்டாள், மறுபடி கத்த வந்திருக்கிறேன் என்று. கேட்டேன். போனில் சம்பளச் சீட்டைக் காட்டினாள். "பதினஞ்சு மாசம் மேடம். கொஞ்சம் கொஞ்சமா." புது விலைக்கும் பழைய விலைக்கும் உள்ள வித்தியாசம் மொத்தமும் அதில் இருந்தது. பணத்தை நானே தந்துவிடுகிறேன் என்றேன். உங்கள் பணத்தை வாங்கினேன் என்று தெரிந்தால் வேலையும் போய்விடும் என்றாள். பேருந்து வந்தது, ஏறிப்போய்விட்டாள். நான் புதுக் காரில் வீட்டுக்கு வந்தேன். அந்த இருக்கையில் என்னால் உட்கார முடியவில்லை.

உனக்கும் இப்படிப் பிடிக்கிறார்களா? நேராகப் பதில் சொல். அம்மாவுக்குக் குறைத்து அனுப்பியது இதனால்தானா?

அக்கா

மே 28

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ திட்டியது சரி.

ஆமாம், இதனால்தான். போன வருடம் ஒரு தடவை விலை ஏறியபோது விற்ற இரண்டு வண்டிக்கு நவம்பரிலிருந்து பிடிக்கிறார்கள். போன வாரம் அந்த டீச்சரும் வக்கீல் நோட்டீஸ் கொடுத்துப் பழைய விலைக்கே வாங்கிவிட்டார், அது மூன்றாவது. அவர் கேட்டபோது ஸ்டிக்கர் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். உனக்குச் சொன்னேன், அவருக்குச் சொல்லவில்லை.

அந்தப் பெண்ணுக்கு ஒரு வழி இருக்கிறது. சீக்கிரம் செய்ய வேண்டும். டெலிவரி ஆன முப்பது நாளுக்குள் தலைமை அலுவலகத்திலிருந்து உனக்கு ஒரு போன் வரும். பத்துக் கேள்வி கேட்டு ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்பார்கள். ஒரு வாடிக்கையாளர் குறைத்துப் போட்டாலும் அந்தக் காலாண்டுக்குக் கம்பெனி கடைக்குத் தரவேண்டிய பெரிய ஊக்கத்தொகை நின்றுவிடும். மேனேஜர்கள் பயப்படுவது அந்த போனுக்கு மட்டும்தான். உனக்கு வந்துவிட்டதா?

தம்பி

ஜூன் 2

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். அம்மாவும் நானும் சுகம். நேற்று வேலையில் சேர்ந்தாயிற்று. முதல் நாளே எட்டு வீடு, மடக்குக் கட்டிலை ஏற்றி இறக்கி இடுப்பு கழன்றுவிட்டது. அதற்கான பயிற்சி எனக்குத் தெரியும், செய்யத்தான் நேரமில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

அந்த போன் வரவில்லை. ஆனால் கண்ணாடி அறைக்காரர் மூன்று தடவை கூப்பிட்டிருந்தார், போன் வந்தால் எல்லாவற்றுக்கும் பத்துக்குப் பத்து சொல்லிவிடுங்கள் என்று. ஏன் இவ்வளவு உருகுகிறார் என்று அப்போது தெரியவில்லை. உன் கடிதம் கிடைத்த மறுநாளே போனேன். இந்தத் தடவை அறைக்கு வெளியே ஒரு நிமிடம்கூட நிற்க வைக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அந்தப் பெண்ணின் சம்பளத்தில் பிடிப்பதை நிறுத்த வேண்டும், பிடித்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றேன். அவர் சிரித்தார். "அது எங்க உள்விவகாரம் மேடம்" என்றார்.

"சரி சார். அப்ப அந்த போன் வரும்போது என் உள்விவகாரத்த நான் சொல்லிக்கறேன்" என்று எழுந்தேன்.

கதவுவரைகூடப் போகவில்லை. உட்காரச் சொன்னார். நிறுவனம் கஷ்டத்தில் இருக்கிறது என்றார், அவருக்கும் மேலிடம் இருக்கிறது என்றார், அவர் மனைவிக்கு முதுகுவலி என்றுகூடச் சொன்னார். முதுகுவலிக்கு என் நம்பரைக் கொடுத்தேன். மற்றதற்கு எழுத்தில் கேட்டேன். எழுதினார். கையெழுத்தின்மேல் முத்திரையும் வைக்கச் சொன்னேன். பதினொரு சதவீதத்தைக் கடையே ஏற்கிறது, ஊழியரிடம் பிடித்தம் ரத்து. அவள் பெயரையும் போட வைத்தேன். அதற்காக அவளைப் பழிவாங்கினால் அந்த நகல் தலைமை அலுவலகத்துக்குப் போகும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வெளியே வந்து அவளிடம் ஒரு நகலைக் கொடுத்தேன். படித்தாள். "தேங்க்ஸ் சொல்லணுமா மேடம்?" என்றாள். வேண்டாம் என்றேன். அன்றைக்கு நான் அப்படிக் கேட்டது தப்பு என்றேன்.

"நீங்க கேட்டது சரிதான் மேடம். என்கிட்ட கேட்டதுதான் தப்பு."

அவள் காகிதத்தை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விட்டாள். மூன்று மாதமாக நான் கத்தியதெல்லாம் தவறான மேசையில் என்று வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

இப்போது உன் கணக்கு. முதல் இரண்டு வண்டிக்கு முப்பது நாள் போய்விட்டது, அதற்கு வேறு வழி பார்க்கலாம். டீச்சருக்குப் போன வாரம்தானே டெலிவரி ஆயிற்று? அவருக்கு இன்னும் அந்த போன் வந்திருக்காது. தான் ஜெயித்த பணத்தை யார் கட்டுகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியாமல் இருந்த மாதிரியே. தெரிந்தால் கேட்பார். கேட்காவிட்டால் நான் கேட்க வைக்கிறேன். அவர் விலாசத்தை எழுது. உனக்குக் கூச்சமாக இருந்தால் நீ வர வேண்டாம், நானே போய்ப் பேசுகிறேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. வண்டியும் இருக்கிறது.

அம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். முழுவதையும் கேட்டுக்கொண்டாள். அப்புறம், கார் விற்கிறவன் தன் அக்காவுக்கு ஒரு நல்ல கார் பார்த்துக் கொடுத்திருக்கக் கூடாதா என்று கேட்டாள்.

அன்புடன்,
அக்கா

ஜூன் 7

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நலம். இந்த வாரம் மூன்று வேளையும் சாப்பிட்டேன். அம்மாவிடம் அவள் கேட்டது நியாயம் என்று சொல்.

டீச்சர் வீடு நூலகத்துக்குப் பின்னால் இரண்டாவது தெரு, மாடிப்படி வெளியே இருக்கிற வீடு. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் இருப்பார். அவர் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், கதவைச் சாத்தினாலும் சாத்துவார். அவர் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

ஒன்பதரைக்கு நூலக வாசலில் நிற்கிறேன். நீ வா. வந்து காரிலேயே உட்கார்ந்திரு. படியேறிப் போய்க் கதவை நான் தட்டுகிறேன்.

உன்
தம்பி